புற்றுநோய் அறுவைக்குப் பிந்திய வாழ்க்கைத் தரம்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நம் நாட்டு ஆடவரிடையே முதலிடம் பெறுவது வாய்ப்புற்றுநோய். வியப்பில்லை; 2016-17ஆம் ஆண்டுப் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வில், வயது வந்தோருள் 21.4 விழுக்காட்டினர் வாயிலிட்டு மெல்லுவது போன்ற புகையற்ற புகையிலை வகைகளைப் பயன்படுத்தியமை தெரியவந்தது. அறுவை மருத்துவம் இந்நோயாளிகளுள் பலரைக் காப்பாற்றுகிறது. பிழைத்தவர் பின்னர் எவ்வாறு வாழ்கிறார் என்பதோ நலத்திட்டக் கணக்குகளில் அரிதாகவே இடம் பெறுகிறது.

தாடையின் ஒரு பகுதி நீக்கப்பட்டால் வாய் முழுமையாகத் திறவாமல் போகலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்ந்தால் உமிழ்நீர் குறையும்; சப்பாத்தி போன்ற உலர்ந்த உணவை விழுங்குவது கடினம். உண்ணும்போது உணவு சிந்துவதற்கு நாணிப் பிறருடன் அமர்ந்து உண்பதைத் தவிர்ப்போரும் உண்டு.

இத்தகைய இடர்களை அளக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1993இல் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். பேச்சு, மெல்லுதல், விழுங்குதல் ஆகியவற்றுடன் தோளின் நிலையையும் அது கேட்கிறது. கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றுகையில் தோளை உயர்த்த உதவும் நரம்பு பழுதுபடக்கூடும். அலுவலக எழுத்தருக்கு அது ஒரு தொல்லை. மூட்டை தூக்குபவருக்கோ பிழைப்பே போயிற்று. வினாநிரலில் இருவரும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும் என்பதை மறத்தலாகாது.

குரல்வளை முழுவதும் நீக்கப்பட்டவர் கழுத்திலுள்ள துளை வழியே மூச்சு விடுகிறார். மூச்சுக் குழலுக்கும் உணவுக் குழலுக்கும் இடையே பொருத்தப்படும் சிறு வால்வினால் அவர் மீண்டும் பேசலாம். அமெரிக்கரான சிங்கர், புளோம் இருவரும் 1980இல் அறிமுகப்படுத்திய முறை இது. வால்வு நிலையாக உழைப்பதன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். இறக்குமதி வால்வின் விலை பல்லாயிரம் ரூபாய். பெங்களூர் அறுவை மருத்துவர் விஷால் ராவ் மிகக் குறைந்த விலையில் ஒன்றை உருவாக்கியிருப்பது இவ்வகையில் பயனுள்ள முயற்சி.

2018இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான செலவும் அதில் அடங்கும். பேச்சுப் பயிற்சியும் தாடைப் பயிற்சியும் பல மாதங்கள் நீள்பவை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை நீக்கத்தால் நேரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டைப் பெயர் சுட்டியே ஏற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெறுபவர், அச்சட்டத்தின் இடஒதுக்கீடு முதலிய பயன்களைக் கோரலாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே அதற்கான விண்ணப்பத்தையும் நோயாளியிடம் கொடுப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.