வள்ளம் ஏறுமுன் கேட்கவேண்டியவை

வயலும் வரம்பும் அறிந்த எமக்குக் குளத்து நீர் பழக்கமானது. கடல்நீரேரி அப்படியல்ல. இடம்பெயர்ந்தபோதுதான் எம்மவர் பலர் முதன்முதலில் வள்ளத்தில் கால் வைத்தனர். 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவிருளில் கடந்தவர்களுக்கு அந்த அச்சம் இன்றும் நினைவிருக்கும். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று கேள்வி கேட்கவும், ஏற மறுக்கவும் எம்மால் முடியும்.

2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் மக்கள் ஏறிச்சென்ற மிதவைப்படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். தூரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணலாகாது.

வள்ளம் ஏன் கவிழ்கிறது?

வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி வரம்பில் ஏறும்போது சாய்வதைக் கண்டிருக்கிறோம். வள்ளத்திலும் இதே கதைதான். பாரம் கீழே இருந்தால் வள்ளம் நிலைக்கும்; ஆட்கள் எழுந்து நின்றால் ஆடும். எல்லோரும் ஒரே பக்கம் சென்றால் கவிழும். அடியில் தேங்கும் நீரும் ஆபத்தானது. வள்ளம் சாயும் பக்கத்துக்கே அந்நீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும்.

எனவே நடுவில் தாழ இருப்போம். மூடைகளை அடியில் பரவலாக வைத்து, நகராமல் கட்டுவோம். 50 கிலோ உரமூடை ஒன்றை ஓர் ஆளாகவே எண்ணவேண்டும். வாடைக்காற்று பலக்கும்போதும், இடிமுழக்கம் கேட்கும்போதும் பயணத்தைப் பின்போடுவதே புத்தி.

வள்ளத்தில் இருக்கவேண்டியவை

1. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே வேண்டும். அணிவித்தபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை எழும்பினால் அது தளர்வு, வார்களை இறுக்குங்கள். இருக்கைக்குக் கீழே கிடக்கும் அங்கி உயிர் காக்காது. ஏறுமுன்பே அணியவேண்டும்.
2. நீர் இறைக்க வாளி.
3. இயந்திரம் நின்றால் வலிக்கத் துடுப்பு. அலைந்து போகாதிருக்க நங்கூரமும் நீண்ட கயிறும்.
4. ரோச் லைற், விசில். கைத்தொலைபேசியை நீர் புகாத பையில் இறுகக் கட்டி வைக்கவேண்டும்.

அங்கி போதாதவிடத்து, இறுக மூடிய 20 லீற்றர் வெற்றுக் கானில் கயிறு கட்டி வைக்கலாம். தலையை நீருக்கு மேல் வைத்திருக்க அதன் மிதப்பு போதும். ஆனால் கை சோர்ந்தால் கான் நழுவிவிடும். மயங்கியவரின் முகத்தை அது மேலே வைத்திருக்காது. அங்கிக்கு அது ஈடாகாது.

கவிழ்ந்துவிட்டால்

வள்ளம் மிதக்கும்வரை அதைப் பற்றிக்கொண்டிருங்கள். கரை கிட்ட இருப்பதுபோலத் தெரிந்தாலும் நீந்தப் புறப்பட வேண்டாம். கரையில் நிற்பவர் நீரில் குதியாமல் கம்பை நீட்டலாம். கயிறோ கானோ எறியலாம். காக்கப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடப்பது.

மீட்டவர் மூச்சுவிடாவிட்டால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. நிமிர்த்திக் கிடத்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பின்னர் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதுவதாகத் தொடருங்கள். ஒருவர் இதைச் செய்ய, மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கட்டும்.

சேர்ந்து செய்யக்கூடியது

வள்ளக்காரரும் எம்மைப்போல் உழைப்பவரே. கூட ஆள் ஏற்றினால்தான் அவருக்கு எண்ணெய்ச் செலவு கட்டும். அவரைக் குறைகூறி முடிப்பதில் பயனில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் சிறுகச் சிறுகச் சேமித்து அங்கிகளை வாங்கி, துறையிலேயே வைத்து, பயணிகளுக்குக் கொடுத்து வாங்கலாம். உப்புநீர் பட்டவற்றை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும். எத்தனை பேர் ஏறலாம் என்பதை வள்ளக்காரரோடு பேசித் தீர்மானித்துப் பலகையில் எழுதி வைப்போம்.

கலந்துரையாட:

1. எமது துறையில் ஓடும் வள்ளங்களில் மேற்கூறியவற்றுள் எவை இல்லை?
2. பாரம் கூடிய வள்ளத்தில் ஏறமாட்டோம் என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்ல எம்மைத் தடுப்பது எது?
3. அடுத்த மழைக்காலத்துக்கு முன் பிள்ளைகளுக்கான அங்கிகளை வாங்கும் பொறுப்பை யார் ஏற்பது?