கொழும்பு வீதியில் சைக்கிள்: பின்னால் ஹோர்ன் அடிக்கும்போது

ஊருக்குப் போவதற்கு முன்னர் சில மாதங்களாவது கொழும்பில் தங்கவேண்டிய குடும்பங்கள் பல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று அலுவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபடும். வேலை கிடைத்து இங்கேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை எடுத்த கையோடு பலர் வாங்குவது பழைய சைக்கிள் ஒன்றைத்தான். பஸ் காசு மிஞ்சும். கடைக்கும் வேலைக்கும் போகலாம், பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடலாம்.

சைக்கிள் ஓட்ட உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கில் வாழ்ந்தவர்கள் விறகையும் நெல்மூட்டையையும் நோயாளியையும் சைக்கிளிலேயே ஏற்றியவர்கள். சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் பழகியவர்கள்தான். அங்கும் இங்கும் வீதியின் இடதுபக்கமே ஓடுகிறோம் என்பதால் அதிலும் குழப்பமில்லை. இந்தப் பாடம் வேறொன்றைப் பற்றியது. பின்னால் வரும் பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கும்போதும், ஓட்டோக்காரர் குறுக்கே வெட்டிவிட்டு உங்களையே திட்டும்போதும் என்ன செய்வது? ஊரில் சைக்கிள் நிறைந்த வீதியில் வாகனம்தான் விலகிப் போகும். இங்கே அப்படியில்லை.

சுருக்கமாகச் சொன்னால், வீதியில் நடக்கும் சண்டைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் அடிபட்டால் பேசாமல் போய்விடவும் வேண்டாம். எங்களிடம் வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திட்டினால் திருப்பித் திட்டுகிறார்கள். இடித்துவிட்டால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பஸ் ஏன் உங்கள்மேல் சாய்கிறது?

1958இல் பஸ் சேவை அரசுடைமையானது. 1970களின் கடைசியில் தனியார் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துனருக்கும் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலில் ஒரு பங்குதான். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் சனம் அவர்களுக்கு. அதனால்தான் உங்களை முந்திக்கொண்டு போய், உங்கள் முன்சில்லுக்கு முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிறுத்துகிறார்கள். இது சரியென்று சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் அந்த வெட்டு எந்த இடத்தில் வரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். தரிப்பிடத்துக்கு ஐம்பது மீற்றர் முன்னால், பின்னுக்குப் பஸ் சத்தம் கேட்டால், மிதிப்பதை நிறுத்துங்கள். அவர் உள்ளே போகட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

நின்ற பஸ்ஸின் இடப்பக்கத்தால் மட்டும் போக வேண்டாம். பஸ் கரையோடு ஒட்டி நிற்பதில்லை. அந்த இடைவெளிக்குள் சனம் குதித்து இறங்கும். அங்கே தவறு உங்களுடையதாகிவிடும்.

ஓட்டோவுக்கும் இதே கணக்குத்தான். வெறுமையாக, மெதுவாகப் போகும் ஓட்டோ ஆள் தேடுகிறது. கையை நீட்டும் ஆளைக் கண்டால் அந்த இடத்திலேயே நிற்கும், அல்லது அப்படியே திரும்பும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வெள்ளவத்தையில்

காலி வீதியில் புடவைக் கடைகளுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நிற்கும். நின்ற வாகனத்தின் கதவு எந்த நேரமும் திறக்கலாம். கதவு திறந்தால் படாத அளவுக்கு, ஒரு மீற்றராவது விலகி ஓடுங்கள். அப்படி விலகும்போதுதான் பின்னால் வருகிறவருக்குக் கோபம் வரும், ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும். ஹோர்ன் சத்தம் எலும்பை முறிக்காது, கதவு முறிக்கும். ஹோர்னுக்குப் பயந்து கானோரம் பதுங்கிப் பதுங்கி, பிறகு திடீரென்று வெளியே வருவதுதான் ஆபத்து. ஒரே கோட்டில் போங்கள். விலகுவதற்கு முன்னர் திரும்பிப் பாருங்கள், கையைக் காட்டுங்கள். நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிந்தால் அவருடைய பதற்றமும் பாதி குறையும்.

முடிந்தவரை காலி வீதியைத் தவிர்த்து, ராமகிருஷ்ணா வீதி போன்ற ஒன்றால் இறங்கி மரைன் டிரைவில் போகலாம். பஸ் தொல்லை குறைவு, கடற்காற்றும் உண்டு. ஆனால் அங்கே கார்கள் வேகமாக வரும். நகரப் பகுதியில் காருக்கும் பஸ்ஸுக்கும் மணிக்கு 50, முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றர் என்பது சட்டம். இரவில் மரைன் டிரைவில் அதை நம்பி இருக்காதீர்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும்போது உங்கள் இடப்பக்கத்தில் ரயில் பாதையும் கடலும். ஒழுங்கைகள் இல்லை, ஓரளவு நிம்மதி. தெஹிவளைப் பக்கம் வரும்போது ஒவ்வோர் ஒழுங்கை வாயிலும் ஒரு வாகனம் மூக்கை நீட்டும். அந்தச் சாரதி கார் வருகிறதா என்று பார்ப்பாரே தவிர சைக்கிளைத் தேடமாட்டார். ஒழுங்கை வாய்களில் பெல் அடியுங்கள், பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

மழை பெய்தால் கான் மூடி எது, குழி எது என்று தெரியாது. தேங்கிய தண்ணீரைச் சுற்றித்தான் போகவேண்டும். அதற்கு இடமில்லையென்றால் இறங்கி உருட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில்

இங்கே பயப்பட வேண்டியது கோபக்காரருக்கு அல்ல, உங்களைக் காணாதவருக்கு. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கொள்கலன் லொறிகள் இந்தப் பகுதி வீதிகளில் ஓயாமல் ஓடும். சந்தியில் நிற்கும் நீண்ட லொறியின் இடப்பக்கம் ஒரு சைக்கிள் போகக்கூடிய இடம் இருக்கும். அதற்குள் நுழையவே வேண்டாம். லொறி இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி முதலில் வெளியே போகும்; பின்சில்லுகள் கரையை ஒட்டி உள்ளே வரும். நீங்கள் நின்ற இடம் இல்லாமல் போய்விடும். லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்து, பின்னால் நின்றுகொள்ளுங்கள்.

ஜம்பட்டா வீதியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் ஒடுக்கம், ஏற்ற இறக்கமும் உண்டு. பிரேக் கட்டையைப் பார்க்காமல் அங்கே இறங்க வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் கூட்டத்துக்குள் ஓட்டுவதைவிட உருட்டிக்கொண்டு போவது விரைவு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குச் சைக்கிளில் வரலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வரலாம். ஆனால் புறக்கோட்டையைக் கடந்து வரவேண்டும். பழகும்வரை 102ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சாரதி சண்டைக்கு வந்தால்

என்னுடைய கதை ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, கொழும்பில் கந்தோர் போகிறவர்கள் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். நானும் ஒன்றை இரவல் வாங்கினேன். பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் என்னை நடைபாதைக் கல்லோடு சேர்த்து நெருக்கியது. விழவில்லை. ஆனால் ஆத்திரம் தாங்காமல் அடுத்த தரிப்பிடத்தில் பிடித்து, பஸ்ஸின் பக்கத்தில் கையால் அடித்துக் கத்தினேன். நடத்துனர் இறங்கினார், பிறகு சாரதி இறங்கினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இருந்தும் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்தது நான் பஸ்ஸுக்கு அடித்தது மட்டும்தான். பஸ் என்னை நெருக்கியதை அவர்கள் யாரும் காணவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டது நான். பஸ்ஸின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆகவே, வாகனத்தைத் தட்ட வேண்டாம், கையை ஓங்க வேண்டாம், துரத்திப் போக வேண்டாம். இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு கடை வாசலில் நின்று, அவர் போகும்வரை பாருங்கள். அவர் இறங்கி வந்தால் "ஹரி அய்யே" என்று மெதுவாகச் சொல்லுங்கள். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். இதில் குறைந்துபோவதற்கு ஒன்றுமில்லை. சிங்களம் வராவிட்டால் "மட்ட சிங்கள பே" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அரைகுறையாகப் பேச முயன்றால் சொல் மாறி விடயம் பெரிதாகும்.

உங்கள் மொழியைச் சொல்லித் திட்டினால்? அது நடக்கும். கோபத்தில் வரும் எல்லா ஏச்சும் தமிழர் என்பதற்காக அல்ல, அதே சாரதி அடுத்த சந்தியில் சிங்களவரையும் அப்படித்தான் ஏசுவார். சில ஏச்சு அதற்காகவும் இருக்கும். எது எப்படியென்று நடுவீதியில் நின்று தீர்மானிக்க வேண்டியதில்லை. அவர் பின்தொடர்ந்தாலோ, அடிக்க வந்தாலோ ஆட்கள் நிற்கும் கடைக்குள் போய் 119க்கு அழையுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்பில் பார்ப்பார்கள், பக்கத்தில் வந்து ஏதாவது சொல்வார்கள். அதற்காக மகளின் சைக்கிளை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேராகப் போகச் சொல்லுங்கள், ஒருவர் பின் ஒருவராக.

அடிபட்டால்

கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்த ஒரு தகப்பன் எங்களிடம் வந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மூன்று நாட்களுக்கு முன் ஒரு வான் இடித்திருக்கிறது. சாரதி இறங்கி வந்து, தூக்கிவிட்டு, கையில் ஆயிரம் ரூபாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனுசன் என்றுதான் இவர் நினைத்தார். அன்று வலி பெரிதாக இல்லை. பிறகு பார்த்தால் எலும்பு வெடிப்பு. அவர் மேசன் வேலை செய்பவர். ஆறு கிழமைக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. வானின் இலக்கம் தெரியாது. ஏன் பொலிஸுக்குப் போகவில்லை என்று கேட்டோம். அடையாள அட்டை இன்னும் வரவில்லை, சிங்களமும் தெரியாது, ஏன் வீண் சோலி என்றார்.

அவருடைய பயம் எங்களுக்கு விளங்கும். பொலிஸ் நிலைய வாசலை மிதிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் பழகிய காலம் ஒன்று இருந்தது. ஆனாலும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். விபத்து நடந்தால் சாரதி வாகனத்தை நிறுத்தி, காயப்பட்டவருக்கு உதவி செய்து, தன் விபரத்தைக் கொடுத்து, பொலிஸுக்கும் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதில் மூன்றாம் தரப்பு என்பது உங்களைப் போன்றவரைத்தான் குறிக்கும். ஆனால் பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் அந்தக் காப்புறுதியிடம் போய் நிற்க முடியாது.

முதலில் இலக்கத் தகடு. ஆங்கில எழுத்துகள் இரண்டோ மூன்றோ, பிறகு நான்கு இலக்கங்கள். நான்கு இலக்கத்தையாவது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனதில் பதியுங்கள். தொலைபேசி இருந்தால், சைக்கிளை நகர்த்துவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். அருகில் உள்ள கடைக்காரரின் பெயரைக் கேட்டு வையுங்கள். கடையில் கமரா இருந்தால் இன்னும் நல்லது. காசு தந்தால் வாங்காதீர்கள்.

எழும்ப முடியாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, தமிழிலும் பேசலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், காசு கேட்கமாட்டார்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், வாகனம் இடித்தது என்று சொல்லுங்கள். அப்போதுதான் வைத்தியசாலையிலுள்ள பொலிஸார் வந்து வாக்குமூலம் எடுப்பார்கள். நடக்க முடிந்தவர்கள் விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு அன்றே போகவேண்டும்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. "தெமளென் லியன்ன" என்றால் தமிழில் எழுதுங்கள் என்று அர்த்தம், பணிவாகக் கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால் எப்போது வருவார் என்று கேட்டு, காத்திருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், ஒருவர் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள் கடவுச்சீட்டையோ பிறப்புச் சான்றிதழையோ, கையில் இருக்கும் ஏதாவது ஆவணத்தையோ கொண்டுபோகலாம். தனியே போகத் தயங்கினால் எங்கள் கள உத்தியோகத்தர் ஒருவர் கூட வருவார். நட்டஈடு விடயமாக வழக்குத் தேவைப்பட்டால், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு உதவி செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீதி வெறிச்சென்று இருக்கும். பிள்ளையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். நின்ற வாகனத்தைக் கண்டால் எவ்வளவு தூரத்தில் விலகத் தொடங்குகிறான், திரும்பிப் பார்க்கிறானா, கை காட்டுகிறானா என்று கவனியுங்கள். சிறு பிள்ளையைக் கரியரில் ஏற்றினால் கால் கம்பிக்குள் போகாமல் சில்லுக்கு மறைப்புக் கட்டுங்கள். பின்னுக்கு ஒரு சிவப்பு ஒளித்தெறிப்பி, முன்னுக்கு விளக்கு, சத்தம் கேட்கும் பெல்: இந்த மூன்றும் இல்லாமல் மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிட வேண்டாம். சைக்கிளுக்குத் தலைக்கவசம் போடச் சட்டம் சொல்லவில்லை. பிள்ளைக்கு மட்டுமாவது வாங்குங்கள். அதே பாதையில் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பஸ்கள் ஓடும்போது, இன்னொரு தடவை கூடப் போய்விட்டு, அதன் பிறகு தனியே அனுப்புங்கள்.