பேனருக்கு நாலு வரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கார்கில் வெற்றி நாளுக்குத் திருவொற்றியூரில் உங்கள் தெருமுனையில் பேனர் வைக்கிறீர்கள், மேஜர் சரவணனைப் பற்றி நாலு வரி வேண்டும் என்கிறாய். தருகிறேன். அதற்கு முன், நீங்களே எழுதி அனுப்பிய மாதிரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

அதில் சிங்கம் இருக்கிறது, புலி இருக்கிறது, இமயமும் இருக்கிறது. அவர் வயதைக் காணோம். 26 தம்பி. உன்னைவிட மூன்றே வயது மூத்தவர். அதை முதலில் போடு. ஜூலை 26 அன்று இறந்தார் என்று எழுதியிருக்கிறாய். அது போர் முடிந்ததாக அறிவித்த நாள். அவர் போனது 1999 மே 29, சண்டை சூடு பிடிக்கத் தொடங்கிய நேரம். அப்புறம் மாதிரியில் போட்டிருக்கிற அந்தப் போட்டோ! அது ‘அமரன்’ படத்து நடிகர். அந்தக் கதை மேஜர் முகுந்த் வரதராஜனுடையது, 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்டவர். அவருக்கும் சொந்த முகம் உண்டு, சரவணனுக்கும் உண்டு. தேடினால் கிடைக்கும், சோம்பல்படாதே.

நடந்தது இதுதான். படாலிக் பகுதியில் ஜுபார் மலை, ஏறக்குறைய 14,000 அடி. எதிரி மேலே பதுங்கு குழிக்குள். ஏறிப் போகிறவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. சரவணன் ராக்கெட் லாஞ்சரால் ஒரு பதுங்கு குழியை அடித்தார். வயிற்றில் காயம். திரும்பி வா என்று சொன்ன பிறகும் முன்னேறினார். தலையில் குண்டு பாய்ந்தது. பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். இதெல்லாம் நீ எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு நெஞ்சில் நிற்பது அதற்கடுத்த நாட்கள். உடலை எடுக்கப் போனால் மேலேயிருந்து சுடுகிறார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அவர் அந்தப் பனியிலேயே கிடந்தார். ஜூலை தொடக்கத்தில்தான் மீட்க முடிந்தது. அதுவரை திருச்சியில் அவர் வீட்டார் காத்திருந்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? காசிமேட்டில் ஒரு போட் திரும்பாவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் கரையைவிட்டு எழ மாட்டார்கள். தூரத்தில் எந்த விளக்கு தெரிந்தாலும் எழுந்து நின்று பார்ப்பார்கள். நாம் சின்ன வயதில் அவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா?

‘தமிழன்’ என்பதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்கிறாய். போடு, தப்பில்லை. ஆனால் அவர் இருந்தது 1 பீகார் ரெஜிமென்ட்டில். அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் செத்தார், அவருக்கும் வீர் சக்ரா. எண்ணூரில் உன்னோடு ஷிஃப்ட் பார்க்கிற பீகார் பையன்களை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ‘இந்திக்காரன்’தான். அந்தப் பழக்கம் நல்லதில்லைடா. அவர்களில் ஒருவரிடம் போய், யாதவின் பெயரை இந்தியில் எழுதித் தரச் சொல்.

ரெண்டு நாளில் கிழிந்து தொங்கப் போகிற பேனருக்கு இவ்வளவு பாடா என்பாய். மெரினாவுக்குப் போகிற வழியில் போர் நினைவுச் சின்னத்தை எத்தனை முறை பஸ்ஸில் கடந்திருப்பாய்? முதல் உலகப் போருக்காக எழுப்பியது. ஒரு தடவையாவது இறங்கி அங்கே என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்த்தாயா? உன் பேனரைப் படிக்க ஆள் இருக்கிறது. தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள் வேறு வேலையில்லாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒரு பொய்த் தேதி போகக் கூடாது.

இந்தா, நீ கேட்ட நாலு வரி:

மேஜர் மாரியப்பன் சரவணன், திருச்சி. வயது 26.
1 பீகார் ரெஜிமென்ட். வீர் சக்ரா.
1999 மே 29, படாலிக் மலையில் உயிர்விட்டார்.
ஒரு மாதத்துக்கும் மேல் பனியில் கிடந்து வீடு வந்தார்.

கீழே அதே அளவு எழுத்தில் யாதவ். உங்கள் சங்கத்து ஆட்களின் போட்டோ ஒன்றுகூட வேண்டாம், உன்னுடையதும்தான். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா