தவணையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ரொக்கமாகக் கொடுத்தால் 33,000 ரூபாய் என்றும், வட்டியில்லாத் தவணையில் மாதம் 3,000 ரூபாய் வீதம் 12 மாதம் என்றும் கடையில் விலை சொல்லப்படும் குளிர்சாதனப் பெட்டியை எந்த முறையில் வாங்குவது நல்லது? இரண்டு தவணை தவறினால் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல கடைக்காரருக்கு உரிமை உண்டா?

— வாசகர், திருப்பூர்

பதில்: இங்கே வட்டி இல்லாமல் இல்லை, ரொக்கத்துக்குக் கிடைக்கும் 3,000 ரூபாய்த் தள்ளுபடியை இழப்பதே வட்டி. மாதந்தோறும் அசல் குறைந்து வருவதைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சதவீதமாகும். நடைமுறைக் கட்டணமும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் இன்னும் கூடும். மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய சேமிப்பைத் தொடாமல் முழுப்பணம் தர முடிந்தவருக்கு ரொக்கமே ஆதாயம்.

இரண்டாம் கேள்விக்கான விடை, கையெழுத்திட்ட ஒப்பந்தம் எவ்வகையானது என்பதைப் பொறுத்தது. பொருளை உடனே விற்று விலையை மட்டும் பல மாதங்களுக்குப் பிரித்து வாங்குவது கடன் விற்பனை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிடில், விலை பிறகு தரப்படுகிறது என்பதற்காக உரிமை மாறுவது தள்ளிப்போகாது என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 20ஆம் பிரிவின் நிலை. ஆகவே, கடைக்காரர் பாக்கிக்காக வழக்குத் தொடரலாமே தவிர, வாங்கியவருக்குச் சொந்தமாகிவிட்ட பெட்டியைத் தூக்கிச் செல்ல முடியாது. வாடகைக் கொள்முதல் என்பது வேறு: இதில் தவணைகள் வாடகையாகவே செலுத்தப்படுகின்றன, எல்லாத் தவணைகளையும் கட்டி, வாங்கிக்கொள்ளும் விருப்புரிமையைப் பயன்படுத்தும்போதுதான் விற்பனை நிறைவேறுகிறது என்பதைக் கோயம்புத்தூர் வணிகவரி அதிகாரி எதிர்த்தரப்பாக இருந்த கே.எல்.ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இதற்கென இயற்றப்பட்ட 1972ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2005இல் நீக்கப்பட்டதால், வாங்குபவருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்த வாசகமே முடிவு செய்கிறது. இது வருந்தத்தக்க குறை.

இன்று கடைகளில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவது வகை: நிதி நிறுவனம் கடைக்குப் பணம் கட்டிவிட, வாங்குபவர் அந்நிறுவனத்துக்குக் கடனாளியாகிறார். பொருள் அவர் கைவசமே இருக்க, அதைக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கும் ஈட்டுப் பிரிவு அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் அடியாட்களை அனுப்பிப் பறிப்பது சட்டவிரோதம் என்பதைப் பிரகாஷ் கவுர் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியுள்ளது.

கையெழுத்திடும் முன், வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுச் சதவீதமாகக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை வாங்குபவர் தமக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பெற வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடந்தருவதில்லை. மிரட்டல் நேர்ந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தந்து, 30 நாளில் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரையோ, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு ஆணையத்தில் கட்டணமில்லை.