கசிவைத் தடுக்கும் வாயுப் படலம்

8, 9ஆம் வகுப்பு அறிவியல்: உராய்வு, பாய்மங்களின் அழுத்தம்

தொடக்கக் கேள்வி

விசைப்படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு, படகின் உடலைத் துளைத்து வெளியே செல்கிறது. அத்துளை வழியே கடல்நீர் ஏன் உள்ளே பாய்வதில்லை? தூத்துக்குடி மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள்: தண்டைச் சுற்றி கிரீஸ் தோய்ந்த கயிறு வைத்து இறுக்கியிருப்பார்கள்.

"இன்னும் இறுக்கினால் ஒரு சொட்டும் வராதல்லவா?" என்று கேளுங்கள். பலர் 'ஆம்' என்பார்கள். இந்தத் தவறான கருத்தைத்தான் நாம் திருத்த வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உராய்வால் கயிறு கருகும், தண்டு தேயும், கசிவும் கூடும். அதனால்தான் குளிர்ச்சிக்காகச் சில சொட்டு நீரை விட்டுவைக்கிறார்கள்.

ஆலையில் என்ன செய்வது?

தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் யூரியா தயாராகிறது. யூரியாவுக்கு அம்மோனியா தேவை. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்தே அம்மோனியா உருவாக்கப்படுகிறது. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. இங்கே 'சில சொட்டு' கசிவை விட்டுவைக்க முடியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் கம்ப்ரசர் தண்டில் கயிறும் தாங்காது. இத்தகைய கம்ப்ரசர்களில் இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது உலர்வாயு அடைப்பு.

இதில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று தண்டோடு சுழலும். மற்றொன்றைச் சுருள்வில் அதன்மேல் அழுத்தும். சுழலும் வளையத்தின் முகத்தில் சில மைக்ரோமீட்டர் ஆழமே உள்ள வளைந்த பள்ளங்கள் உள்ளன. சுழலும்போது அவை வாயுவை உள்ளே இழுத்து நெருக்குகின்றன. அழுத்தம் உயர்ந்து வளையங்கள் விலகுகின்றன. இடைவெளி சுமார் 3 முதல் 5 மைக்ரோமீட்டர்; தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இடைவெளி சுருங்கினால் வாயு அழுத்தம் கூடி விலக்கும். விரிந்தால் குறைந்து, சுருள்வில் நெருக்கும். வளையங்கள் தொடுவதில்லை, தேய்வதில்லை. மிகச் சிறிதளவு வாயு கசியும். அதைக் குழாய் வழியே பாதுகாப்பாக வெளியேற்றுவர். ஆபத்தான வாயு வெளிவராதபடி நைட்ரஜனைத் தடுப்பாகச் செலுத்துவதும் உண்டு. ஒரு தூசு போதும், முகங்கள் கீறிவிடும். எனவே உள்ளே செல்லும் வாயு வடிகட்டப்படுகிறது.

செயல்பாடு

பழைய குறுந்தகட்டின் நடுத்துளைமேல், துளையிட்ட பாட்டில் மூடியை ஒட்டுக. ஊதிய பலூனை மூடியில் மாட்டி, வழவழப்பான மேசையில் மெல்லத் தள்ளுக. காற்று இருக்கும்வரை தகடு வழுக்கிச் செல்லும். தீர்ந்ததும் உரசி நிற்கும். இங்கே காற்றைப் பலூன் தருகிறது. ஆலையில் சுழற்சியே அழுத்தத்தை உண்டாக்குகிறது என்ற வேறுபாட்டைக் கூறுக.

மதிப்பீடு

1. கம்ப்ரசர் நிற்கும்போது வளையங்கள் ஏன் ஒன்றையொன்று தொடுகின்றன?
2. படகுக்கு ஏற்ற கயிறு அம்மோனியா ஆலைக்கு ஏன் ஏற்றதல்ல?