பிள்ளையோடு செல்லும் பதிவேடு

ஒரு மாணவன் ஒரு பாடசாலையை விட்டு வேறொன்றிற் சேருங்கால், அவன் கற்றவை யாவை, கல்லாதவை யாவை என்பதைப் புதிய ஆசிரியர் எங்ஙனம் அறிவார்? வினா எளிதாகத் தோன்றினும், ஒரு பிள்ளையின் கல்விப்பேறு பெரிதும் இதனைப் பற்றி நிற்கின்றது. இதனை நமக்கு நன்கு விளக்கவல்லது அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவமாகும். அந்நாட்டிற் கல்வியை நடத்துவன ஐம்பது மாநிலங்கள். பாடத்திட்டமும் தேர்வும் பதிவேடும் மாநிலந்தோறும் வேறுபடும். ஆதலின் மாநில எல்லையைக் கடக்கும் பிள்ளை ஒரு கல்விமுறையையே கடந்து செல்கின்றது.

ஆண்டுதோறும் இங்ஙனம் எல்லை கடப்போருள் முக்கியமானவர் வயற்கூலிகளின் மக்கள். குளிர்காலத்தை டெக்ஸாஸ், பிளாரிடா முதலிய தென்மாநிலங்களிற் கழிக்கும் குடும்பங்கள் பல, அறுவடைக் காலத்தில் மிச்சிகன் போன்ற வடமாநிலங்களுக்குச் செர்ரியும் ஆப்பிளும் பறிக்கச் செல்லும். பிள்ளைகள் ஆண்டு முடியுமுன் ஒரு பள்ளியை விட்டு நீங்குவர்; வகுப்புகள் தொடங்கிய பின்னர் மற்றொன்றிற் புகுவர். பதிவேடு உடன் வாராவிடில், கற்ற பாடத்தையே மீண்டும் கற்பர். போட்ட தடுப்பூசியையே மீண்டும் போட்டுக்கொள்வர். உயர்நிலை வகுப்பிற் பெற்ற தேர்ச்சி கணக்கில் ஏறாமையால், மனம் சோர்ந்து படிப்பை விடுவாரும் உளர்.

இக்குறையை நீக்க, 1966-ல் இப்பிள்ளைகளுக்கெனத் தனிக் கல்வித்திட்டம் ஒன்று சட்டமாயிற்று. பின்னர் ஆர்க்கன்ஸா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் ஒரு நடுக் கணினியை நிறுவி, பல மாநிலப் பிள்ளைகளின் குறிப்புகளையும் அங்கே சேர்த்து, வேண்டிய பள்ளிக்கு அனுப்பலாயினர். அக்காலத்துக்கு அஃது அரிய முயற்சியே. ஆயினும், இதனை ஆராய்ந்த தேசியக் குழுவொன்று, குறிப்புகள் நிறைவின்றியும் காலந்தாழ்த்தும் வருதலை 1991-ல் எடுத்துக்காட்டியது. 1995-ல் அவ்வமைப்பு மூடப்பட்டது. 2007-ல் எழுந்த புதிய அமைப்பு வேறு வழியை மேற்கொண்டது. மாநிலங்கள் தத்தம் பதிவேடுகளைத் தாமே வைத்துக்கொள்கின்றன; சேர்க்கை, பாடம், தேர்வு, தடுப்பூசி முதலிய வரையறுத்த குறிப்புகளை மட்டும் ஒரே வடிவில் அனுப்புகின்றன. அவையெல்லாம் ஒருங்கு சேர்ந்து, ஒரு பிள்ளைக்கு ஒரே வரலாறாக ஆசிரியர்முன் நிற்கின்றன.

இவ்வரலாற்றினின்று நாம் அறியவேண்டுவன மூன்று.

முதலாவது, ஆளை அறிதல். மெக்ஸிக்கோ வழியினர் பலர்க்குத் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாகக் குடும்பப் பெயர் இரண்டு உண்டு. ஒரு பள்ளி முன்னதை எழுதும். மற்றொன்று பின்னதை எழுதும். ஒரு பிள்ளை ஏட்டில் இருவராவதும், இருவர் ஒருவராவதும் இதனால் நேரும். ஆகையாற் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், மாநிலம் வழங்கிய எண் ஆகிய பலவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, சொற்பொருளில் ஒற்றுமை. ஒருவன் பள்ளியை விட்டு நீங்கினான் என்னுங்கால், படிப்பையே கைவிட்டானா, வேறு பள்ளியிற் சேர்ந்தானா? முன்னாளில் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி கணக்கிட்டமையால், தேர்ச்சி விகிதங்களை ஒப்பிடுதல் இயலாதிருந்தது. 2005-ல் மாநில ஆளுநர்கள் ஒரு பொதுக் கணக்குமுறைக்கு இசைந்தனர். 2008-ல் மத்திய அரசாங்கம் பொது விதியொன்று வகுத்தது. ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தோரைத் தொடர்ந்து நோக்கி, நான்கு ஆண்டுகளில் எத்தனைபேர் முடித்தனர் என்று காண்பதே அம்முறை. சென்ற பிள்ளை எங்கே சேர்ந்தது என்று தெரிந்தாலன்றி இக்கணக்கு நேராகாது.

மூன்றாவது, நம்பிக்கை. 2013-ல் 'இன்ப்ளூம்' என்னும் நிறுவனம், கேட்ஸ் அறநிலையம் முதலியோர் அளித்த பத்துக்கோடி டாலர் நிதியோடு, பல மாநில மாணவர் குறிப்புகளை ஒரே மேடையிற் சேர்க்க முற்பட்டது. அக்குறிப்புகளை யார் காண்பர், எதற்குப் பயன்படுத்துவர் என்று பெற்றோர் வினவினர்; அவர்கள் ஐயம் தீரவில்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின; நியூயார்க் மாநிலம் சட்டத்தால் தடுத்தது. 2014 ஏப்ரலில் நிறுவனம் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பணமும் பொறியும் இருந்தும், உடையவரின் இசைவு இல்லாதவிடத்து முயற்சி நில்லாது என்பது இதனால் விளங்கும்.

பதிவேட்டுக்கு உடையவர் யார்? 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கவும், பிழையுளதாயின் திருத்தம் கோரவும் பெற்றோர்க்கு உரிமை அளித்தது. பதினெட்டு வயது நிறைந்தபின், அல்லது கல்லூரியிற் சேர்ந்தபின், அவ்வுரிமை மாணவர்க்கே உரியதாகும். ஆயினும், பிள்ளை சேரும் புதிய பள்ளிக்குப் பதிவேட்டை அனுப்புதலை அச்சட்டம் தடுப்பதன்று. காப்பும் பகிர்வும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

எனவே, பதிவேட்டை எழுதும் எழுத்தரும், அதனைப் படிக்கும் ஆசிரியரும், தம் கையில் இருப்பது ஒரு பிள்ளையின் காலமும் உழைப்பும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நம் மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் அமர்வர். ஏட்டில் ஒரு பெயரை எழுதுமுன் அப்பெயரை உடையாரிடமே கேட்டு எழுதுவார்களாக. பிறருக்கு ஒரு குறிப்பை ஈயுமுன், அதனாற் பயன் பெறுவது அப்பிள்ளையா என்று எண்ணிப் பார்ப்பார்களாக.