பகரமும் அகன்ற ஆண்டெனாவும்

சிவகாசி அச்சகங்களிலே மெல்லிய தாளில் நாட்காட்டியும் பட்டாசுப் பெட்டியின் மேலுறையும் உருவாதலை நம்மிற் பலர் கண்டிருப்பர். தாளுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் பலகையும் மைக்கு ஈடாகச் செம்பும் கொண்டு, அச்சுப்போலவே ஆக்கப்படும் கருவியொன்று உண்டு. அதுவே மைக்ரோஸ்டிரிப் ஆண்டெனா. இருபுறமும் செம்பு போர்த்த பலகையின் மேற்புறத்தில் வேண்டிய வடிவை மட்டும் நிறுத்தி, எஞ்சிய செம்பை இரசாயன நீரால் அரித்து நீக்குவர். 1953-இல் டெஷாம்ப் என்பார் கூறிய இக்கருத்து 1970-களிலேதான் நன்கு நடைமுறைக்கு வந்தது.

இதன் சிறப்பு மென்மை, குறையும் அதுவே. கோயில் மணியை அடித்தால் ஒரே சுரம் நெடுநேரம் நிற்கும். பறையின் ஒலியோ பல சுரங்களில் விரிந்து விரைவில் ஓயும். மெல்லிய பலகையினுள் மின்னலை சிறைப்பட்டு மணிபோல் அதிர்தலால், அஃது ஏற்கும் அலைவரிசை குறுகுகின்றது. வைஃபைக்குரிய எல்லைகளுள் ஒன்று 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 3.4 பங்கு அகலம். 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணப் பலகையில், 29 மில்லிமீட்டர் நீளமுள்ள செம்புத் துண்டு தருவதோ சுமார் 2 பங்கே. ஆகவே ஓரத்து அலைகள் நலிவுறும்.

பலகையைத் தடிப்பாக்கி, கண்ணாடியிழைக்கு ஈடாகக் காற்றையோ நுரைப்பொருளையோ இட்டால் அலை எளிதில் வெளியேறும், அகலமும் பெருகும். ஆயின் மின்னூட்டும் ஊசி நீண்டு, அதன் தூண்டல் இடையூறு செய்யும். இதற்கு 1995-இல் ஹுவின், லீ என்னும் இருவர் ஓர் உபாயங் கண்டனர். செம்புத் துண்டின் நடுவே, நம் ‘ப’ என்னும் எழுத்தின் வடிவிலே ஒரு பிளவு வெட்டினர். அப்பிளவு ஊசியின் இடரை ஈடுசெய்வதோடு, முதல் அதிர்வின் அருகே இரண்டாம் அதிர்வொன்றையும் எழுப்பும். இரண்டும் இணைய, நூற்றுக்கு 30 பங்குக்கு மேலும் அகலம் கிட்டும். இத்தகைய முறைகளைத் தொகுத்து, பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சார்ந்த கிரீஷ் குமார், கே.பி. ரே என்பாருடன் 2003-இல் தனிநூலே இயற்றினார்.

ஆயினும் விலையின்றி அகலமில்லை. தடிப்பே அதன் விலை. வேதம் இடுக்கமான வாசலைப் போற்றும். அலைகளுக்கோ விசாலமான வாசலே வேண்டற்பாலது.

இத்தகைய பொருளைத் தமிழிற் கூறலாகாது என்பாருமுளர். தமிழ் பயிலும் யாம் அவர்க்கு அப்பகரத்தையே காட்டுவோம். நண்பர்காள்! மணியும் பறையும் அச்சும் நமக்குப் புதியனவல்ல. அவற்றைக்கொண்டே புதியதைக் கற்போம், பிறர்க்கும் கற்பிப்போம்.